திரைக்குப் பின்னால் மூன்று கட்டைகள்

வீட்டு அறைக்குள் கம்ப்யூட்டரை வைத்துப் பாட்டுப் பதிகிற பிள்ளைகளே,

உங்கள் கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னீர்கள். நான் மைக்கை மற்றவர்களின் வாய்க்கு முன்னால் வைத்தே வயது போனவள். என் வாய்க்கு முன்னால் ஒன்றை வைத்தால் சொல் வராது, வியர்வைதான் வரும். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவளின் எழுத்து. பிழையிருந்தால் திருத்துங்கள், கதையைத் திருத்த வேண்டாம்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கம்ப்யூட்டரோடு பொருத்துகிற கட்டைப் பெட்டியை வாங்கினால் வேலை சுகமாகுமா, மவுஸே போதுமா? உங்களில் பாதிப் பேர் அதை வாங்கி, விளக்குகளை எரியவிட்டு, படமும் பிடித்துப் போட்டுவிட்டதாகக் கேள்வி. பாட்டு மட்டும் இன்னும் வெளியே வரவில்லையாம். வரட்டும், அவசரமில்லை.

பெட்டியைக் காணாத பிள்ளைகளும் இருப்பார்கள். பார்வைக்கு லவுட்ஸ்பீக்கர்காரரின் மிக்சர் மாதிரி இருக்கும். ஆனால் சத்தம் அதற்குள் போகாது. விரலால் மேலும் கீழும் தள்ளுகிற கட்டைகள் வரிசையாக இருக்கும். ஒரு குரலுக்கு ஒரு கட்டை. மேலே தள்ளினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற அந்தக் குரல் கூடும், கீழே இழுத்தால் குறையும். அவ்வளவுதான். மவுஸால் செய்கிற அதே வேலையைக் கையால் செய்வது.

என் கணவர் வாவிக் கரைச் செட்டிபாளையத்தில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர். அவருக்குப் பிறகு அந்தச் சாமான்களோடு நான் இருந்தேன். வெளியே போய் மேடையில் நிற்க வெட்கம். அதனால் மேடையை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். கோயில் பாட்டுகளை முதலில் கசெட்டில் பதிந்தேன், பிறகு கம்ப்யூட்டரில். அறைச் சுவரெல்லாம் நெற்சாக்குத் தொங்கும். யன்னலிலும் சாக்கு. பாடுகிறவர் உள்ளே வந்தால் முதலில் தும்முவார், பிறகுதான் பாடுவார்.

பெட்டியை அனுப்பியவர் சுவிஸில் இருக்கிற என் மருமகன். போனில் சொன்னார்: “மாமி, இனி மவுஸத் தொடாதீங்க. இஞ்ச பெரிய ஸ்டூடியோ எல்லாத்திலயும் இதுதான்.” அங்கே பெரிய ஸ்டூடியோ எல்லாவற்றிலும் கரண்டும் இருக்கும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. சண்டைக் காலம். எங்களுக்குக் கரண்ட் விருந்தாளி மாதிரி. வந்தால் சந்தோஷம், எப்போது போகும் என்று கேட்கக் கூடாது.

கொழும்பிலிருந்து வந்த பெட்டியைப் பட்டணத்தில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். இளம் ஆமிக்காரன் ஒருவன் மூடியைத் திறந்தான். கட்டைகள், பொத்தான்கள், பின்னால் வயர். முகம் மாறிவிட்டது.

“அம்மா, மே மொகத்த?”

சிங்களத்தில் இது என்ன என்று கேட்கிறான். நான் என்னத்தைச் சொல்ல? “பாட்டு” என்றேன். அவன் பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்தான். பாட்டு வரவில்லை. பின்னால் பஸ்ஸில் இருந்த சனம் என்னைப் பார்க்கிறது. எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல் இருந்தது. வேறு வழியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு, கட்டையொன்றை மெல்ல மேலே தள்ளி, அதற்கேற்றபடி “ஆ...” என்று சின்னச் சத்தத்திலிருந்து பெரிய சத்தம் வரைக்கும் பாடிக் காட்டினேன். அவனுக்கு விளங்கிவிட்டது. மற்றவனையும் கூப்பிட்டான். இரண்டு பேரும் கட்டைகளைத் தள்ளித் தள்ளி என்னைப் பாடச் சொன்னார்கள். இன்றுவரைக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்து முழு மனதோடு சந்தோஷப்பட்ட இரண்டு பேர் அவர்கள்தான்.

வீட்டில் பொருத்திப் பார்த்தேன். நல்ல சாமான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மவுஸால் ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் பிடிக்கலாம். இதில் ஒரு கையால் ஒன்றைக் கூட்டி, மறு கையால் மற்றதைக் குறைக்கலாம். மவுஸ் பிடித்தால் கண் வேலை செய்யும், காது தூங்கும். கட்டை பிடித்தால் காது விழித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை தள்ளியதைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும். பாட்டைத் திரும்ப ஓடவிட்டால் கட்டைகள் தாங்களாகவே மேலும் கீழும் போகும், உள்ளே சின்ன மோட்டர். மருமகன் இதை எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். முதல் தரம் அது அசைந்தபோது நான் இருந்த கதிரையோடு பின்னால் போனேன்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் வருஷம் முழுக்கப் பூட்டியிருக்கும். வைகாசியில் கதவு திறக்கும். கோயில் மூன்று குடிக்கு உரியது. குடி என்றால் தாய்வழி வம்சம். உண்மைப் பெயர்களை எழுதினால் இன்றைக்கும் சண்டை வரும். ஆகவே வேம்படிக் குடி, ஆலடிக் குடி, ஆற்றடிக் குடி என்று வைத்துக்கொள்கிறேன். கதவு திறக்கும் முன் மூன்று குடிப் பாடகர்களும் ஒன்றாக நின்று அம்மனைப் பாடி அழைக்க வேண்டும். ஒரு குடி பாடாவிட்டாலும் கதவு திறக்காது. அந்த வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கும்.

சண்டை மும்முரமான அந்த வருஷம், பாடகர்கள் மூவரும் மூன்று திக்கில். ஆற்றடிக் குடிப் பாடகர் வாவிக்கு அக்கரையில் இருந்தார். தோணித் துறை எந்த நாள் திறக்கும், எந்த நாள் பூட்டும் என்று துறைக்கே தெரியாது. மூவரும் ஒரே நாளில் கோயிலில் நிற்பது நடக்காத காரியம். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் யோசித்து என்னிடம் வந்தார். ஒவ்வொருவரும் வர முடிகிற நாளில் வந்து பாடட்டும், நீ மூன்று குரலையும் ஒன்றாக்கு, கதவு திறக்கிற நாளில் லவுட்ஸ்பீக்கரில் போடுவோம் என்றார். குடித் தலைவர்கள் மூவரும் சம்மதித்தார்கள். மூவரும் ஒரே விஷயத்தில் சம்மதித்தது ஊரில் பெரிய பேச்சாக இருந்தது.

பதிவு சுகமாக நடந்தது. வாவிக்கு மேலால் செல், அதுதான் பீரங்கிக் குண்டு, பறந்தால் பாடுகிறவர் நிறுத்துவார், போனதும் விட்ட இடத்தில் தொடங்குவார். சுருதி பிசகாது.

இந்த வேலை முடிய வேண்டும் என்று எல்லாரையும்விட அதிகம் தவித்தது என் மச்சாள், கணவரின் தங்கை. அவளுடைய மகனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல மாதம் வைத்திருந்தார்கள். பிள்ளை உயிரோடு வந்தால், கதவு திறக்கிற அன்று அவனையும் கூட்டிக்கொண்டு மடிப்பிச்சை எடுத்த அரிசியை அம்மன் வாசலில் வைப்பேன் என்று நேர்ந்திருந்தாள். பிள்ளை வந்துவிட்டான். திருவிழா முடிந்த கையோடு அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு. வீடு வீடாகப் போய் மடியேந்தி அரிசியும் சேர்த்தாயிற்று. கதவு மட்டும்தான் திறக்க வேண்டும். நேர்த்தி நிறைவேறாமல் பிள்ளை வாசலைத் தாண்டினால் கொடுத்தவளே திரும்ப எடுத்துவிடுவாள் என்று அவளுக்குப் பயம். ஒவ்வொரு நாளும் என் அறை மூலையில் வந்து குந்திக்கொள்வாள்.

“என்னகா மச்சாள், முடிஞ்சுதா?”

“இல்ல.”

“அம்மனே காத்திருக்கா, ஒனக்குப் பொத்தான் அமத்த நேரம் இல்ல.”

கதவு திறப்பதற்கு முதல் நாள் பின்னேரம், குரல்களைச் சேர்த்து முடித்துவிட்டு, கேட்டுப் பார்க்க வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். மூன்று தலைவர்களும் வண்ணக்கரும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நீட்டுப் பலகை வாங்கில் இருந்தார்கள். பொழுதுபட ஊரடங்கு. அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

இங்கேதான் மவுஸின் ஒரு பெருமையைச் சொல்ல வேண்டும். மவுஸ் காலத்தில் பாட்டுக் கேட்க வந்தவர்கள் மொனிட்டரைப் பார்ப்பார்கள். பச்சையும் சிவப்பும் கோடுகோடாக ஓடும். ஒன்றும் விளங்காது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு “நல்லா இரிக்கு” என்று சொல்லிப் போய்விடுவார்கள். கட்டை அப்படியில்லை. எது மேலே, எது கீழே என்று பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

வேம்படித் தலைவர் எட்டிப் பார்த்தார். “இதில எங்கட கட்டை எது, புள்ள?”

காட்டினேன்.

“நடுவிலயோ? வேம்படிக் குடி எண்டைக்கு நடுவில நிண்டது? முதல் மரியாதை எங்கடது.”

ஆலடித் தலைவர் சிரித்தார். “நடுவு வேணாமெண்டா எங்களுக்குத் தாங்க. அம்மனும் நடுவிலதான் இரிக்கிறா.”

“சரி, இடப்பக்கத்த எங்களுக்குத் தா, புள்ள.”

“ஆருக்கு இடப்பக்கம்?” என்றார் ஆற்றடித் தலைவர். “புள்ளைக்கோ, அம்மனுக்கோ?”

எதிர்ச்சுவரில் அம்மன் படம் தொங்கியது. அம்மனுக்கு இடப்பக்கம் எனக்கு வலப்பக்கம். அந்தக் கேள்வியில் தேத்தண்ணி ஆறிவிட்டது. கடைசியில் வண்ணக்கர் தலையிட்டு, அம்மனுடைய பக்கமே பக்கம் என்று தீர்த்தார். நான் குரல்களை இடம் மாற்றிக் கொடுத்தேன். பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் வேம்படித் தலைவர், “இப்பதான் சரியாக் கேக்குது” என்றார். பாட்டை நான் இன்னும் போடவேயில்லை.

பிறகு உயரம்.

ஆற்றடிப் பாடகர் வாவிக் கரையில் நின்று தோணிக்காரரைக் கூப்பிட்டுப் பழகியவர். அவருடைய குரலுக்கு மைக்கே தேவையில்லை. ஆலடிப் பாடகர் வயதாளி, பூ விழுகிற மாதிரிப் பாடுவார். மூன்றும் சமமாகக் கேட்க வேண்டுமென்றால் ஆற்றடிக் கட்டை கீழே நிற்க வேண்டும், ஆலடிக் கட்டை மேலே நிற்க வேண்டும். இதை நான் முணுமுணுத்தேன்.

“எங்கட ஆளுக்குக் குரல் பெருசு. அதுக்குத் தண்டனையா?” என்று ஆற்றடித் தலைவர் எழுந்தார். “கோயில்ல ஆலடிக்குக் கீழ நாங்க எண்டைக்கு நிண்டம்?”

வண்ணக்கர் கோடு போடுகிற அடிமட்டம் கேட்டார். கொடுத்தேன். மூன்று கட்டைகளையும் ஒரே உயரத்தில் வைத்து, அடிமட்டத்தைக் குறுக்கே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூன்று தலைவர்களும் முறைக்கு வந்து ஒவ்வொரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள்.

மூலையிலிருந்து மச்சாள் சொன்னாள்: “வயல் வட்டைக்க வரம்பு பிரிக்கிற ஆக்கள் இவங்களிட்டக் கெட்டாங்க.”

பாட்டைப் போட்டேன். கட்டைகள் சமம். அறைக்குள் ஆற்றடிப் பாடகர் ஒருவர் மட்டும் தோணியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கட ஆள் பாடினவரா,” என்று ஆலடித் தலைவர் கேட்டார், “இல்லாட்டி வந்து தும்மிப்போட்டுப் போனவரா?”

நான் முதலில் சேர்த்து வைத்திருந்ததைக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்து அதை ஓடவிட்டேன். வாயால் சொல்ல வெட்கப்படுகிறவளுக்கு இப்படித்தான் புத்தி போகும். கட்டைகள் தாங்களாகவே அசைந்தன.

வண்ணக்கர் கைகூப்பினார். மச்சாள், “அம்மாளே!” என்று எழுந்தாள்.

பிள்ளைகளே, உங்கள் அறையிலும் இப்படி ஒரு நேரம் வரும். உங்களுக்குச் சாதகமான பொய்யொன்று தானாக வந்து மடியில் இருக்கும். அம்மன்தான் தள்ளுகிறாள் என்று தலையாட்டினால் போதும், சண்டை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தலையும் பாதி ஆடிவிட்டது.

ஆனால் ஆற்றடிக் கட்டை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க இறங்கியது. ஆலடிக் கட்டை மேலே ஏறியது.

“அம்மனுக்குத் தெரியும்,” என்றார் ஆலடித் தலைவர், மீசையைத் தடவிக்கொண்டு.

ஆற்றடித் தலைவரின் முகம் கறுத்துவிட்டது. மனிதர் சண்டை போட்டால் பதில் சொல்லலாம். அம்மனே இறக்கிவிட்டால் ஆரிடம் போய்க் கேட்பது? “இல்ல அண்ண, அது மோட்டர்” என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

“இந்தச் சின்னப் பொட்டிக்குள்ள மோட்டரோ? ஆரப் பேக்காட்டுற, புள்ள?” அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். “எங்கட குரல அழி. நாளைக்குக் கதவு எப்பிடித் திறக்குதெண்டு பாப்பம்.”

அழித்தால் திரும்பப் பதிய வழியில்லை. துறையைப் பூட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் நின்றது. லொறி பற்றரியில் ஓடுகிற இன்வேட்டர் கீச்சிட்டது. அதுவும் அதிக நேரம் தாங்காது.

மச்சாள் போய் வாசலில் நின்றாள்.

“அண்ண, எண்ட புள்ளைய அம்மன் தந்தவ. மடிப்பிச்சை எடுத்து வச்சிரிக்கன். ஒங்கட கட்டைக்காகக் கதவு பூட்டிக் கிடந்தா, நான் அந்த அரிசிய எங்க கொண்டு கொட்டுற? ஒங்கட வாசல்லயா?”

“தள்ளு தங்கச்சி. ஊரடங்கு வரப்போகுது.”

“வரட்டும். என்னைத் தாண்டிப் போங்க பாப்பம்.”

நாலு ஆண்கள் கத்துகிறார்கள், ஒருத்தி அழுகிறாள், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் செய்ததைப் புத்தி என்று எழுதிக்கொள்ள வேண்டாம், அது வெட்கம். எனக்கு ஒளிய வேண்டும் போல் இருந்தது. கொடியில் காய்ந்த என் சேலையை இழுத்து, சாக்குத் தொங்குகிற இரண்டு ஆணியிலும் குறுக்கே கட்டிவிட்டு, மேசையும் நானுமாக அதற்குப் பின்னால் போய்விட்டேன்.

அறை அமைதியானது.

சேலைக்கு அந்தப் பக்கம் வண்ணக்கரின் குரல் கேட்டது, மெதுவாக. “திரை போட்டாச்சு. இனிக் கதைக்கப்படா.”

எங்கள் பக்கத்துக் கோயில்களில் எது நடந்தாலும் திரைக்குப் பின்னால்தான் நடக்கும். பூசாரியார் உள்ளே என்ன செய்கிறார் என்று எவரும் எட்டிப் பார்க்க மாட்டார். ஏன் என்று கேட்கவும் மாட்டார். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். செத்த வீட்டில்கூட வாய் மூடாத இந்த மனிதர்கள் ஒரு பழைய வொயில் சேலைக்கு முன்னால் வாய் மூடி வாங்கில் இருந்தார்கள். ஆற்றடித் தலைவரும் வந்து இருந்துவிட்டார் என்று வாங்கு முனகியதில் தெரிந்தது.

அந்தக் காலத்து மொனிட்டர் பெட்டகம் மாதிரி. பற்றரியை உறிஞ்சிக் குடிக்கும். அதை நிறுத்தினேன். யன்னலில் சாக்கு, வாசலில் மச்சாள்; அறை கும்மிருட்டு. மவுஸ் மட்டும் இருந்திருந்தால் அதோடு வேலை முடிந்தது. காணாத இடத்தில் மவுஸை எங்கே கொண்டுபோய் வைப்பது? கட்டைகள் விரலுக்குத் தெரிந்தன. பாட்டைப் பெட்டிப் பொத்தானாலேயே தொடங்கிவிட்டு, மூன்று கட்டையிலும் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினேன். என்னை ஆரும் பார்க்கவில்லை, நானும் ஒன்றையும் பார்க்கவில்லை. வேம்படிக் குரல் அழைத்தது. ஆலடிக் குரல் கெஞ்சியது. ஆற்றடிக் குரல் அக்கரையிலிருந்து கூப்பிட்டது. கெஞ்சுகிற இடத்தில் கூப்பிடுகிறதைத் தாழ்த்தினேன், கூப்பிட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டேன். முதலில் நான் சேர்த்து வைத்ததைவிட அது நன்றாக வந்தது. ஏனென்று கேட்டால், வாசலில் நின்று மச்சாள் விக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கேற்றபடி விரல் போனது.

பாட்டு முடிந்ததும் இன்வேட்டரும் முடிந்தது. தள்ளியது எல்லாம் கம்ப்யூட்டருக்குள் நின்றுவிட்டதா என்று காலையில் கரண்ட் வரும் வரைக்கும் எனக்கே தெரியாது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு ஆற்றடித் தலைவர், “அழிக்க வேணாம்” என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, “எங்கட கட்டை எங்க நிண்டது?” என்றும் கேட்டார்.

“அதக் கேக்கப்படா,” என்றார் வண்ணக்கர்.

பொழுதுபட முன் போய்விட்டார்கள்.

காலையில் பார்த்தேன், தள்ளியது அப்படியே நின்றிருந்தது. மறுநாள் கோயில் வேம்பில் கட்டிய லவுட்ஸ்பீக்கரில் அந்தப் பாட்டுப் போனது. ஒரேயொரு ஸ்பீக்கர். அதன் வாய்க்குள் போனால் எந்தக் குடியும் தகரமாகத்தான் வெளியே வரும். ஆனாலும் கூட்டத்துக்குள் முதலில் வேம்படித் தலைவர் என் பக்கத்தில் வந்து குனிந்து, “மற்றாக்களுக்குச் சொல்லாத புள்ள, எங்கட குரல்தான் மேல நிண்டது” என்றார். பிறகு ஆலடித் தலைவர் வந்தார். அதையேதான் சொன்னார். ஆற்றடித் தலைவர் கண்ணை மட்டும் சிமிட்டினார். நான் மூவருக்கும் தலையாட்டினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெட்டியை வாங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யத் தெரிந்தால் அது உதவும். கண்ணைத் திறந்துகொண்டு அதையே பார்த்திருப்பீர்கள் என்றால் மவுஸே போதும். வாங்கினால், கூடவே ஒரு சேலைத் துணியும் வாங்கி மேசைக்கு முன்னால் கட்டுங்கள். பாட்டுக்குரிய ஆட்களை அதற்கு அந்தப் பக்கம் இருத்துங்கள். தேத்தண்ணி கொடுங்கள்.

கதவு திறந்தது. மச்சாள் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு போய், மடி நிறைந்த அரிசியை வாசலில் கொட்டினாள். அரிசி முழுக்க விழுந்த பிறகும் மடியை உதறிக்கொண்டே நின்றாள், ஒரு மணியும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்ற மாதிரி. பிறகு என்னிடம் வந்து காதுக்குள் கேட்டாள்.

“உண்மையச் சொல்லுகா. ஆர்ர கட்டை மேல நிண்டது?”

“எனக்குத் தெரியாது மச்சாள். இருட்டுக்க நான் கண்ணை மூடிக்கொண்டல்லோ தள்ளினன்.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு அம்மன் வாசலையும் மகனையும் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப மோட்டர் இல்ல,” என்றாள்.